கடைந்த கீரையும் கண்ணாடிக் குப்பியும்

ஒற்றை இலையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டு, இது என்ன செடி என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, என் எரிச்சல் இன்னும் ஓய்வு பெறவில்லை. பூ எங்கே, காய் எங்கே, எந்த மண்ணில் நின்றது, பக்கத்தில் என்ன முளைத்திருந்தது என்று நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஐம்பதுகளில் கொடைக்கானலில் எங்கள் உலர்தாவரக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. மலையெல்லாம் அலைந்து செடியைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரெழுதி அலமாரியில் அடுக்குவது எங்கள் வேலை.

அதே வேலைக்குத்தான் இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். செடியை எப்படி அழுத்துவது, எப்படி ஒட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது. பெயர் சொல்ல வழியே இல்லாத இடத்தில், வாயைத் திறந்தே ஆகவேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அப்படி ஒரு பகல் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

அப்போது எங்கள் கூடத்தை நடத்தியவர் பூவைப் பார்க்காமல் பெயர் சொல்லவே மாட்டார். ஒருமுறை கீழேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர், இரண்டு சிப்பந்திகள் பின்னால் வர, ஒரு கிளையை ஏந்திக்கொண்டு வந்தார். இலை மட்டுந்தான். பூத்ததும் கொண்டுவாருங்கள் என்றார் எங்கள் தலைவர். எப்போது பூக்கும் என்று அதிகாரி கேட்க, அதைச் செடியைத்தான் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நாங்கள் அலமாரிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் எங்கள் கூடத்துப் பெயர்களை ஊர் உலகம் நம்பியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சலை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அறுபதுகளின் நடுவில், கத்தரிக் குடும்பத்துச் செடிகள் மலையில் எவையெவை இருக்கின்றன, மக்கள் அவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஒரே அறையில் ஒரு வாரம் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தகரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாச்சலூரில் தொடங்கிப் பூம்பாறை வரை சுற்றினேன்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பந்தான். இதழ்கள் ஐந்தும் அடியில் ஒட்டி நட்சத்திரமாகவோ புனலாகவோ விரியும். காயைக் குறுக்கே அரிந்தால் பெரும்பாலும் இரண்டு அறை, அறை நிறைய விதை. நம் அடுப்பங்கரையில் பாதி இவர்கள் கையில்தான் இருக்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை வற்றல் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சளிக்குத் தூதுவளை, இருமலுக்குக் கண்டங்கத்தரி, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, உடம்பு தேற அமுக்கராக் கிழங்கு. கொடைக்கானலில் காய்க்கும் மரத்தக்காளியும் இந்த வீடுதான்.

புகையிலையும் ஊமத்தையும் கூட அதே வீடுதான். உருளைச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்குள் இருப்பது சோறு, மேலே காய்க்கும் பச்சைக் காய் விஷம். அண்ணன் சோறு போடுவான், தம்பி ஆளைக் கவிழ்ப்பான், இரண்டு பேருக்கும் முகச்சாடை ஒன்று. சீமையில் வளரும் ஒரு தம்பியிடமிருந்து அட்ரோபின் என்ற மருந்து எடுக்கிறார்கள். ஊமத்தைக்குள் இருப்பதும் அதே சரக்குத்தான். அளவாகக் கொடுத்தால் உயிர் காக்கும், மிஞ்சினால் உயிர் எடுக்கும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூம்பாறைக்கு அப்பால் ஒரு ஊர். பெயர் வேண்டாம். மலைச்சரிவில் படிப்படியாக உருளையும் பூண்டும் போட்டிருப்பார்கள். நான் அங்கே சுற்றிவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். நடுப்பகல்தான், ஆனால் மூடுபனி இறங்கி எதிரே இருந்த மரம் தெரியவில்லை. குளிருக்கு ஒதுங்க அந்த ஊரின் சின்ன மருந்தகத்துக்குள் போய் உட்கார்ந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் சவரிமுத்துதான். எனக்கு முன்பே பழக்கம், அதிகம் பேசாத மனிதர்.

அப்போது ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொன்னுத்தாயி என்று பெயர். புருஷன் மாரிமுத்து வெள்ளனே எழுந்துபோய் உருளைக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் வீட்டு வேலையை முடித்துவிட்டு, மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்து போயிருக்கிறாள். டிரம் பக்கத்தில் நின்றவள் தடுமாறி விழுந்துவிட்டாள். பின்னாலேயே மாமியார் வீராயி வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

பெஞ்சில் கிடத்தியதும் பொன்னுத்தாயி சிரித்தாள். பிறகு கையில் இல்லாத அட்டைப்பூச்சியை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட ஆரம்பித்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. தொட்டால் சுட்டது.

சவரிமுத்து ஒரு கணமும் தயங்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார், ஊசியைத் தயார் செய்தார். அந்தப் புதிய பூச்சிமருந்துகள் மலைக்கு வந்த காலம் அது. மருந்தடிக்கும்போது விழுந்தவர்களுக்கு உடனே போடச் சொல்லி டாக்டர் கொடுத்துவைத்திருந்த ஊசி. நான் சும்மா இருக்கமாட்டாதவன், எட்டிக் குப்பியைப் பார்த்தேன். அட்ரோபின் என்று போட்டிருந்தது.

அதில் தப்பில்லை. பூச்சிமருந்து விஷத்துக்கு முறிமருந்து அதுதான். ஆனால் பூச்சிமருந்து ஏறியவனுக்கு வாயில் எச்சில் ஒழுகும், உடம்பெல்லாம் வேர்க்கும், கண்மணி சுருங்கும் என்று நான் படித்திருக்கிறேன். இவளுக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. தோல் உலர்ந்து கிடந்தது. கண்மணி விரிந்து கண்ணே கறுப்பாக இருந்தது. நான் இத்தனை மாதமாகத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்த குடும்பத்தின் கைவரிசை அது. அப்படியானால் சவரிமுத்து கையில் இருப்பது முறிமருந்தல்ல, அதே விஷத்தின் இன்னொரு பங்கு.

பொறுங்கள் என்று சொல்லி அவள் கண்ணைக் காட்டினேன். சவரிமுத்து என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தள்ளி நில்லுங்க சார். போன மாசம் இதே பெஞ்சில ஒருத்தன் செத்தான். டாக்டர் வரட்டும்னு காத்துக் கெடந்தேன். கடைசியில அவனுக்கும் கண்ணு இப்படித்தான் விரிஞ்சுச்சு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாகிற நேரத்தில் யாருக்கும் கண்மணி விரியும். அவர் கை நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். அந்த மனிதன் செத்ததிலிருந்து இவர் தூங்கியிருக்கவில்லை என்று தோன்றியது. தாமதித்து ஒரு உயிரை விட்டவருக்கு, இன்னொரு முறை தாமதிக்கச் சொல்வதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது. இருந்தும் குறுக்கே போய் நின்றேன்.

மாரிமுத்து என் தோளைப் பிடித்தார்.

"நீங்க யாருங்க? டாக்டரா?"

"இல்லைங்க. செடி பொறுக்குறவன்."

"பெறகு என்னத்துக்குக் குறுக்க நிக்கிறீங்க? என் பொண்டாட்டி போயிருவா. வெரசா ஊசியப் போட விடுங்க."

அவர் மனைவி, அவர் உரிமை. நான் சொல்வது சரி என்று எனக்கே உறுதியில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அது தப்பாகி, அவள் என் கண் முன்னால் செத்தால் நான் எந்த முகத்தோடு மலை இறங்குவேன்?

அப்போது மூலையிலிருந்து வீராயி குரல் கொடுத்தாள்.

"அந்தச் சன்னலச் சாத்துங்கய்யா. வெளிச்சம் கண்ணக் குத்துது. ஒரு வாய்த் தண்ணி குடுங்க, எம்புட்டுக் குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்கிருது."

வெளியே மூடுபனி. மத்தியானமா மாலையா என்று தெரியாத வெளிச்சம். அது இவள் கண்ணைக் குத்துகிறது. நான் பக்கத்தில் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். மருமகளைப்போல் முற்றவில்லை, ஆனால் பாதை அதேதான். வயலுக்குப் போனாயா, டிரம்மைத் தொட்டாயா என்று கேட்டேன். தனக்கு அங்கே என்ன சோலி என்று திருப்பிக் கேட்டாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, கேப்பைக்களி, வயல் வரப்பில் பொன்னுத்தாயி பறித்துவந்த மணத்தக்காளிக் கீரை என்றாள். மாரிமுத்து அதைச் சாப்பிடவில்லை, பழைய கஞ்சி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சவரிமுத்துவின் கை கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் விடவில்லை. அடித்த மருந்து காற்றில் பறந்து வரப்புக் கீரைமேல் படிந்திருந்தால் வீட்டில் இருந்தவளுக்கும் வந்திருக்குமே என்றார். நல்ல கேள்வி.

மாரிமுத்துவை வீட்டுக்கு ஓடிக் கீரைச் சட்டியை எடுத்துவரச் சொன்னேன். வீடு அருகில்தான், மூச்சிரைக்கக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். கீரையைக் கடைந்திருந்தார்கள். மத்து போட்டு நன்றாக, மையாக. இலை இல்லை, நரம்பு இல்லை, காம்பு இல்லை. பூவைக் காட்டு என்று கேட்கும் கூடத்திலிருந்து வந்தவன் கையில் ஒரு பச்சைக் கூழ். வரப்பில் போய்த் தேடலாம் என்றால் பனியில் எதைத் தேடுவது, பறித்தவள்தான் பெஞ்சில் அட்டை பிய்த்துக்கொண்டிருக்கிறாளே.

செடியைக் காண முடியாவிட்டால் அது செய்வதைக் காணலாம் என்று அப்போது ஒரு யோசனை வந்தது. பூச்சிமருந்து கண்ணில் பட்டால் கண்மணி சுருங்கும். கத்தரிக் குடும்பத்து விஷம் பட்டால் விரியும். சட்டியில் இருப்பது இரண்டில் ஒன்று. கீரைத் தண்ணீரை வடித்து என் இடது கண்ணில் விட்டுக்கொள்கிறேன், நீங்கள் பாருங்கள் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். சுருங்கினால் ஊசியைப் போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். விரிந்தால் குப்பியை உள்ளே வையுங்கள்.

அவர் என்னை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். அதுவரைக்கும் இவளை இப்படியே விடவா என்று கேட்டார். விடவேண்டாம், வயிற்றைக் கழுவுங்கள், எந்த விஷமானாலும் அது நல்லதுதானே என்றேன். அவர் உப்புத் தண்ணீர் கரைக்கப் போனார். நான் துணியில் கீரையைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். மிளகாயும் அதே குடும்பம் என்பதைக் கண்ணில் பட்டதும்தான் நினைத்துக்கொண்டேன். கீரையில் தாராளமாகக் கிள்ளிப் போட்டிருந்தார்கள்.

நீங்கள் யாரும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

காத்திருப்பதைப்போல ஒரு தண்டனை எனக்குக் கிடையாது. அன்று காத்திருந்ததுபோல் என் ஆயுளில் காத்திருந்ததில்லை. சவரிமுத்து பொன்னுத்தாயியின் வயிற்றைக் கழுவினார், கழுவிவிட்டு வந்து டார்ச்சை அடித்து என் கண்ணைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி போனார், வந்தார். ஒன்றுமில்லை. வெளியே பூண்டு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மாரிமுத்து ஓடிப்போய் மறித்து வைத்திருந்தார். மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிவிட்டு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்படியே ஏற்றிவிடலாம் என்றேன். சவரிமுத்து ஒப்பவில்லை. போன மாதம் ஊசி போடாமல் இருந்த நேரந்தான் அவனைக் கொன்றது, இவளை வெறுங்கையோடு வழியில் அனுப்பமாட்டேன் என்றார். பொன்னுத்தாயி இப்போது யாரோ வாசலில் நிற்பதாகச் சொல்லி உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். வாசலில் பனிதான் நின்றது. மாரிமுத்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சவரிமுத்து ஊசியை மறுபடி கையில் எடுத்தார். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

பிறகு சுவரில் இருந்த காலண்டரின் எழுத்து கலங்கியது. முதலில் கண்ணீர் என்று நினைத்தேன். துடைத்தும் கலங்கியது. வலக் கண்ணை மூடினால் எழுத்தே இல்லை.

"இப்பப் பாருங்க" என்றேன்.

சவரிமுத்து டார்ச்சை அடித்தார். ஒளி ஆணிபோல உள்ளே இறங்கியது. அவர் இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாறி மாறி அடித்துப் பார்த்தார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

"விரிஞ்சு கெடக்கு சார்" என்றார். "முழுசா விரிஞ்சு கெடக்கு."

குப்பியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஒரு நிமிடம் முந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லாரியில் பூண்டு மூட்டைக்கு நடுவே மாமியாரையும் மருமகளையும் கிடத்திக்கொண்டு கொடைக்கானல் போனோம். ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஊமத்தை என்று சொன்னேன். அவர் அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், உனக்கும் ஏன் ஒரு கண் விரிந்து கிடக்கிறது என்று கேட்டார். வீராயி மறுநாளே எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்று சண்டை போட்டாள். பொன்னுத்தாயிக்குத் தெளியக் கூடுதல் நாள் பிடித்தது. தெளிந்ததும் சாப்பாடு கேட்டாள். நான் பல நாள் ஒற்றைக் கண்ணோடு படி தெரியாமல் இடறிக்கொண்டு திரிந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பெருமையாக மீசையை முறுக்கிக்கொண்டிருப்பேன். கண் சரியானதும் அந்த வரப்புக்குப் போனேன். மணத்தக்காளிக்கு நடுவே, பூவில்லாத இளஞ்செடிகள் சில தளதளவென்று நின்றன. ஊமத்தைக் கன்று என்று முடிவுகட்டிப் பிடுங்கிப் போடச் சொன்னேன். ஊரில் இருந்த ஊமத்தையை எல்லாம் பிடுங்கினார்கள். நான் ஒன்றை மட்டும் கொண்டுவந்து எங்கள் கூடத்துக்குப் பின்னால் ஒரு சட்டியில் நட்டேன். பூ வரட்டும், தாளில் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மாதக்கணக்கில் அது பூக்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. ஊமத்தைக்கு ஏது அவ்வளவு உயரம் என்று நான் முழித்தேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பூ தலைகீழாகத் தொங்குகிறது. நீளமாக, வெள்ளையாக, கொடைக்கானல் பங்களா வேலிகளில் மாலையானால் மணக்குமே, அது. ஊமத்தைக்குச் சித்தப்பா பிள்ளை. வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரம். காய்கறி ஏற்றிவரும் லாரிகள் திரும்பும்போது பங்களாத் தோட்டத்துக் குப்பையை உரத்துக்காக ஏற்றிப்போவது வழக்கம். வேலி வெட்டிய குச்சி அதில் கலந்து வரப்புக்குப் போயிருக்கிறது.

விஷம் ஒன்றுதான், அதனால் அன்று உயிர் தப்பியது. ஆனால் எனக்கு உட்காரவே முடியவில்லை. ஊமத்தையைப் பிடுங்கிப் போட்டால் அதோடு ஒழிந்தது. இந்த மரம் அப்படியல்ல, ஒரு துண்டுக் குச்சி ஈர மண்ணில் கிடந்தாலும் துளிர்க்கும். பிடுங்கிப் போடுங்கள் என்று சொன்னவன் நான். எங்கே போட்டார்கள்? வரப்பிலேயே, குப்பைக் குவியலில். பூவை ஒடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

குப்பைக் குவியலில் முழங்கால் உயரம் நின்றது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, தளிரெல்லாம் கீரை மாதிரியே இளசு. பக்கத்தில் மணத்தக்காளி. பொன்னுத்தாயி என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவர்கள் வீட்டில் கீரையே அடுப்பில் ஏறவில்லையாம், மாமியார் ஒத்துக்கொள்வதில்லையாம். அவர்கள் பயந்ததால் பிழைத்தார்கள், நான் சொன்ன பெயரால் அல்ல. பூவைக் காட்டி, இதுதான் அது என்று சொன்னேன். இரண்டு பேருமாக வேரோடு கல்லி, குச்சி குச்சியாகப் பொறுக்கி, நெருப்பு வைத்து எரித்தோம். புகை படாமல் தள்ளி நிற்கச் சொன்னேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உயிர் போகிற நேரத்தில் குடும்பத்தைச் சொன்னால் போதும், துணிந்து சொல்லுங்கள். ஆனால் நெருக்கடி தீர்ந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். சொன்ன பெயரின் பின்னால் பூ பூக்கும்வரை அலையவேண்டும்.

திரும்பும் வழியில் சவரிமுத்துவைப் பார்க்க மருந்தகத்துக்குள் போனேன். அன்று நான் சொன்ன பெயர் தப்பு என்று அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பெட்டியைத் திறக்கப் போனேன். அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். அத்தனை பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"போன வாரம் மருந்தடிச்ச ஆளு ஒருத்தனத் தூக்கியாந்தாங்க சார். வாயெல்லாம் நுரை, வேர்த்து ஊத்துது. மொதல்ல கண்ணப் பாத்தேன். கடுகாட்டம் சுருங்கிக் கெடந்துச்சு. உங்களுக்கு ஆளனுப்பலாமான்னுகூட நெனைக்கல. ஊசியப் போட்டுட்டேன். கை நடுங்கல சார்."

ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். எதிரே நின்ற லாரியில் ஒருவன் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.